ஐயாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களின் சொந்தக்காரன்

இலக்கிய வரலாற்றை எழுதியவர்களின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். காவியம் செய்தவர், நாவல் எழுதியவர், சஞ்சிகை நடத்தியவர், விமர்சனம் செய்தவர் ஆகிய எல்லோருக்கும் அதில் பெயரும் ஆண்டும் உண்டு. வாசித்தவனுக்குப் பெயர் இல்லை. அந்த வாசகன் சிறுவனாகவும் இருந்துவிட்டால் அவனைப் பற்றிய பேச்சே இல்லை. இன்று நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு வாசகனின் கதை. அவன் காவியம் வாசித்தவனல்லன், சித்திரக்கதை வாசித்தவன். ஆனால் அவன் எழுப்பிய கேள்வி, எந்த நூலை வாசிப்பவர்க்கும் உரிய கேள்வி.

1948 ஆம் ஆண்டு ஜூலை 24 ஆம் திகதி, அமெரிக்காவின் 'சற்றடே றிவியூ ஒவ் லிற்றறேச்சர்' என்ற இலக்கிய வார இதழில் ஒரு நீண்ட கடிதம் பிரசுரமாயிற்று. நூல் மதிப்புரைகளைத் தேடி வாசிப்பவர்கள் கையில் எடுக்கும் ஏடு அது. கடிதத்தை எழுதியவன் வொஷிங்டன் நகரைச் சேர்ந்த டேவிட் பேஸ் விக்ரான்ஸ்கி. வயது 14. பாடசாலை மாணவன். அவனிடம் அப்போது 5212 சித்திரக்கதைப் புத்தகங்கள் இருந்தன. இந்த எண்ணை நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறந்த நாளிலிருந்து நாளுக்கு ஒன்று என்று சேர்த்துவந்தாலும் 14 வயதுக்குள் இத்தனை சேராது.

அந்தப் புத்தகங்களைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிய ஒரு புகழ்பெற்ற வைத்தியருக்கு மறுப்பாகவே அவன் கடிதம் எழுதினான். அதன் பின்னணியைச் சற்று விளக்கவேண்டும்.

பத்திரிகைகளில் துண்டு துண்டாக வந்த சித்திரக்கதைகள் தனிப் புத்தகமாகிக் கடைகளில் ஒழுங்காக விற்பனைக்கு வரத் தொடங்கியது 1934 இல். 1938 இல் 'சுப்பர்மேன்' தோன்றியதும் அது பெருந்தொழிலாயிற்று. விலை பத்துச் சதம். நாற்பதுகளின் பிற்பகுதியில் மாதந்தோறும் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றன. பறக்கும் வீரர்களும் பேசும் மிருகங்களும் மட்டும் அவற்றில் வரவில்லை. கொள்ளைக்காரரும் கொலைகாரரும் வந்தனர். காட்டுக் கதைகளில் கறுப்பின மக்கள் மனிதரிலும் தாழ்ந்தவராகத் தீட்டப்பட்டனர். பெண்கள் கட்டப்பட்டும் அடிபட்டும் கிடந்தனர். இதை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆயினும் இவற்றில் ஒரு புதுமை இருந்தது. அதுவரை பிள்ளைகளின் புத்தகம் என்பது பெரியவர் தெரிந்தெடுத்து, பெரியவர் வாங்கி, பெரியவர் கையால் கொடுத்த புத்தகம். சித்திரக்கதையைப் பிள்ளையே தெரிந்தெடுத்தது. தன் கைச்செலவுக் காசில் வாங்கியது. வாசித்தபின் அயல்வீட்டுப் பிள்ளையிடம் மாற்றிக்கொண்டது. ஆசிரியரோ நூலகரோ தகப்பனோ இடையிலே இல்லை. சிறுவர்கள் தாமாகவே ஒரு வாசக உலகத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். பெரியவர்களின் கலக்கத்துக்கு இரத்தமும் கத்தியும் ஒரு காரணம் என்றால், தங்களைக் கேட்காமல் ஒரு வாசிப்பு நடக்கிறது என்பது இன்னொரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

எதிர்ப்பு 1940 இலேயே எழுந்துவிட்டது. அவ்வாண்டு மே மாதம் 'சிக்காகோ டெய்லி நியூஸ்' பத்திரிகையின் இலக்கிய ஆசிரியர் ஸ்ரேர்லிங் நோர்த் சித்திரக்கதைகளை ஒரு தேசிய அவமானம் என்று தாக்கி எழுதினார். பின்னர் 1948 மார்ச் 2 ஆம் திகதி இந்த வழக்கு வானொலிக்கும் வந்தது. ஏபீசீ வானொலி நடத்திய பொது விவாத நிகழ்ச்சியில் 'சித்திரக்கதைகளில் என்ன குறை?' என்பது பொருள். நாடக விமர்சகர் ஜோன் மேசன் பிரவுண் அவற்றைக் குழந்தையின் அறைக்குள் புகுந்த போதைப்பொருளுக்கு ஒப்பிட்டார். 'லில் அப்னர்' என்ற புகழ்பெற்ற சித்திரத் தொடரை வரைந்த அல் கப் எதிர்வாதம் செய்தார். இலக்கியத்தரம் பற்றிய வாதமாக இருந்தவரை இரு தரப்பும் சமபலத்தில் நின்றன எனலாம். அதை மருத்துவ வாதமாக மாற்றியவர் டொக்டர் பிரெட்றிக் வேர்தாம்.

வேர்தாமைப் பற்றி இங்கே சற்று நின்று பேசவேண்டும். சித்திரக்கதை ரசிகர்கள் பலர் அவரை வெறும் வில்லனாகவே வரைந்திருக்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவரல்லர். 1895 இல் ஜேர்மனியில் பிறந்து, 1922 இல் அமெரிக்கா சென்ற மனநோய் வைத்தியர் அவர். கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை கிட்டாத காலத்தில், 1946 இல், நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் லபார்க் மனநல நிலையத்தைத் தொடங்கினார். கட்டணம் 25 சதம். 'நேற்றிவ் சண்' நாவலை எழுதிய றிச்சர்ட் றைட்டும், 'இன்விசிபிள் மேன்' நாவலை எழுதிய றால்ப் எலிசனும் இம்முயற்சிக்குத் துணைநின்றவர்கள். இனம் பிரித்து நடத்தப்படும் பாடசாலைகள் பிள்ளைகளின் மனதுக்குத் தீங்கு செய்கின்றன என்று 1951 இல் டெலவெயர் மாநில நீதிமன்றத்தில் வேர்தாம் சாட்சி சொன்னார். அந்த வழக்கும் சேர்ந்ததே, 1954 மே 17 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாடசாலை இனப்பிரிவினைக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு. பிள்ளைகளுக்காக உண்மையாகவே உழைத்த மனிதர் அவர்.

அந்த மனிதர்தான் 1948 மே 29 ஆம் திகதி 'சற்றடே றிவியூ'வில் எழுதிய கட்டுரையில், தம்மிடம் கொண்டுவரப்பட்ட குற்றம் புரிந்த சிறுவர்கள் பலரும் சித்திரக்கதை வாசிப்பவர்கள் என்றும், அவர்களின் குற்றத்துக்கு அந்த வாசிப்பும் ஒரு காரணம் என்றும் சொன்னார். வைத்தியர் சொன்னார் என்றதும் பெற்றோர் நடுங்கினார்கள்.

சரியாக எட்டு வாரங்களின் பின் வந்தது விக்ரான்ஸ்கியின் கடிதம். 'சித்திரக்கதைக்கு முந்திய காயீன்' என்பது அதன் தலைப்பின் கருத்து. வேதாகமத்தில் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்றான். அவன் எந்தச் சித்திரக்கதையைப் படித்துவிட்டுக் கொன்றான் என்று கேலியாகத் தொடங்குகிறான் பையன். கேலிக்குப் பின்னால் வாதம் இருக்கிறது. அதை என் சொற்களில் மூன்றாகத் தொகுக்கிறேன்.

முதலாவது, வைத்தியர் பார்த்தது யாரை? ஏற்கெனவே குற்றத்தில் விழுந்த பிள்ளைகளை. அதே புத்தகங்களை வாசித்துவிட்டு, இரவு உறங்கி, காலையில் பாடசாலைக்குப் போகும் கோடிக்கணக்கான பிள்ளைகளை அவர் பார்க்கவில்லை. சித்திரக்கதை வாசிக்காத பிள்ளையையே காண்பது அரிதான அந்நாட்டில், குற்றம் செய்த பிள்ளையும் சித்திரக்கதை வாசித்திருந்தது என்பதில் என்ன கண்டுபிடிப்பு இருக்கிறது?

இரண்டாவது, பெரியவர் எவ்வளவு கீழ்த்தரமானதையும் வாசிக்கலாம், ஏனெனில் அவர் பெரியவர். பிள்ளையோ தீமை என்பதே இல்லாத ஒரு பொய்யுலகத்தில் அடைபட்டிருக்கவேண்டும் என்பது என்ன நியாயம்?

மூன்றாவது, அப்படி அடைத்து வளர்த்த பிள்ளை ஒருநாள் வளர்ந்து கதவைத் திறந்து வெளியே வரும்போது அங்கே இருப்பது கொடுமையும் போட்டியும் நிறைந்த உலகம். அதற்கு முகங்கொடுக்க அந்தப் பிள்ளைக்கு என்ன பயிற்சி இருக்கும்?

இந்த வாதங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரசிகனின் வேகத்திலே, தான் நேசிப்பவை அனைத்தையும் ஒரே மூச்சில் காக்க முனைகிறான் பையன். நல்ல சித்திரக்கதை வேறு, கெட்ட சித்திரக்கதை வேறு என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் அவனிடம் இல்லை. ஆனால் எழுதிய தேதியை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகயுத்தம் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. பெரியவர்கள் ஆண்ட உலகம் என்ன செய்தது என்பதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. கொலையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது பத்துச் சதப் புத்தகம் என்று அவர்களிடம் சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

எல்லாவற்றிலும் முக்கியமானது அந்த முதல் கேள்வி. 'நாங்கள்தானே இவற்றை வாசிக்கிறவர்கள். எங்களை ஏன் கேட்கவில்லை?' என்பதே அதன் உட்கிடை.

கேட்கவில்லை. மாறாக, புத்தகங்கள் எரிக்கப்பட்டன. அதே 1948 ஒக்டோபர் மாதம் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் ஸ்பென்சர் என்ற சிற்றூரில், பாடசாலை மைதானத்திலே சுமார் 2000 சித்திரக்கதைப் புத்தகங்களைக் குவித்துத் தீமூட்டினார்கள். தீமூட்டியவன் 13 வயது மாணவன். சுற்றிநின்றவர்கள் அவனுடைய சகமாணவர்கள். பின்னால் நின்று ஊக்கியவர்கள் பெரியவர்கள். அதே ஆண்டு டிசெம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் பிங்கம்ரன் நகரிலும் ஒரு பாடசாலையில் இவ்வாறே நடந்தது. வேறு ஊர்களிலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர்ந்தது. ஜேர்மனியில் 1933 இல் நாஸிகள் நூல்களை எரித்ததை உலகம் கண்டித்து இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த மண்ணிலிருந்து பேசுகின்ற எனக்கு, நூல் எரிகின்ற எந்தச் செய்தியையும் சாதாரணமாக வாசிக்க முடிவதில்லை. இரண்டும் ஒன்றல்ல. அங்கே ஈடற்ற சுவடிகள் அழிந்தன. இங்கே எரிந்தவற்றின் வேறு பிரதிகள் கடைகளில் கிடந்தன. ஒரு வித்தியாசம் மட்டும் என் மனதை உறுத்துகிறது. ஸ்பென்சரில் எரித்தவர்கள் பகைவரல்லர். அந்தப் புத்தகங்களை நேற்றுவரை நேசித்த பிள்ளைகளின் கைகளாலேயே அவற்றை எரிக்கவைத்தார்கள். தான் விரும்பிய ஒன்றைத் தானே வெட்கப்பட்டு எரிக்கும்படி ஒரு பிள்ளைக்குப் பழக்குவது சிறிய காரியமல்ல.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1954 இல் வேர்தாம் தம் வாதங்களைத் திரட்டி 'அப்பாவிகளைக் கெடுத்தல்' என்று பொருள்படும் தலைப்பில் பெருநூலாக வெளியிட்டார். அதே ஏப்ரல் மாதம் 21, 22 ஆம் திகதிகளிலும் பின்னர் ஜூன் 4 ஆம் திகதியும், இளைஞர் குற்றங்களை ஆராய்ந்த செனற் சபை உபகுழு நியூயோர்க்கில் கூடிச் சித்திரக்கதைகளை விசாரித்தது. வேர்தாம் சாட்சி சொன்னார். திகில் கதைகளை வெளியிட்ட ஈ.சீ. நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் கெயின்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார். ஒரு கையில் கோடரியும் மறுகையில் பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தை உயர்த்திக் காட்டிய செனற்றர் கெபோவர், இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் சஞ்சிகையின் அட்டை என்ற வகையில் ஆம் என்றார் கெயின்ஸ். மறுநாள் 'நியூயோர்க் ரைம்ஸ்' முதற்பக்கத்தில் அது செய்தியாயிற்று. அந்த ஒரு பதிலோடு வழக்குத் தோற்றுப்போயிற்று எனலாம்.

சாட்சிகளின் வரிசையைப் பாருங்கள். வைத்தியர், பதிப்பாளர், விநியோகஸ்தர், ஓவியர் எல்லோரும் இருந்தார்கள். வாசகன் இல்லை. இந்தப் புத்தகங்களை வாசித்த ஒரு பிள்ளைகூட அந்த மேசையின் முன் அமர்த்தப்படவில்லை. ஆனால் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஈ.சீ. நிறுவனம் தன் வாசகர்களுக்கு ஓர் அவசர அறிவித்தல் விடுத்து, உபகுழுவுக்கு எழுதும்படி கேட்டது. பிள்ளைகள் எழுதினார்கள். பென்சிலாலும் பேனையாலும் எழுதிய அந்தக் கடிதங்கள் அமெரிக்க தேசிய சுவடிகள் காப்பகத்தில் பேணப்பட்டுள்ளன. விக்ரான்ஸ்கி தனியாக எழுதியதை இப்போது பலர் எழுதினார்கள். தீர்ப்பின் போக்கை அவை மாற்றவில்லை.

அக்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் நிதானமான ஒரு குரலையும் சொல்லவேண்டும். விமர்சகர் றொபேர்ட் வார்ஷோ 1954 ஜூன் மாதம் 'கொமென்ரறி' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய மகன் போலுக்கு வயது 11. அவன் ஈ.சீ. ரசிகர் மன்றத்தின் அங்கத்தவன். அங்கத்துவ அட்டையும் சின்னமும் வைத்திருந்தான். தகப்பனுக்கோ அந்தக் கதைகள் பிடிக்கவில்லை. மகன் அவற்றை விட்டுவிட்டால் நல்லது என்றே அவர் நினைத்தார். ஆனால் மகன் அவற்றை எப்படி வாசிக்கிறான், யார் வரைந்தது என்று எப்படி அறிந்துவைத்திருக்கிறான், எதைச் சிரித்துத் தள்ளுகிறான் என்பதை அருகிலிருந்து கண்டபோது, வேர்தாமின் எளிய விளக்கம் அவருக்குப் போதவில்லை. இந்தக் கட்டுரையை நான் பெரிதும் மதிக்கிறேன். தகப்பன் தன் ரசனையை விட்டுக்கொடுக்கவில்லை. மகனின் வாசிப்பை அவமதிக்கவும் இல்லை.

1954 ஒக்டோபரில் பதிப்பாளர் சங்கம் தானே ஓர் ஒழுக்கக்கோவையை ஏற்றுக்கொண்டது. சஞ்சிகைத் தலைப்பில் 'திகில்', 'பயங்கரம்' என்ற சொற்கள் ஆகாது. இரத்தக் காட்டேரியும் நடமாடும் பிணமும் ஆகாது. பொலிஸாரையும் நீதிபதிகளையும் மதிப்புக் குறையக் காட்டக்கூடாது. எப்போதும் நன்மையே வெல்லவேண்டும். முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர் ஏற்க மறுத்ததால் பல நிறுவனங்கள் மூடப்பட்டன. வேர்தாம் இதை வெற்றியாகக் கருதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் கேட்டது சிறுவர்க்கு விற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டம். கிடைத்தது வியாபாரிகளின் சுயதணிக்கை.

அந்தத் தணிக்கையின் தன்மைக்கு ஒரே உதாரணம் போதும். 1953 இல் ஈ.சீ. வெளியிட்ட கதையொன்றின் பெயர் 'ஜட்ஜ்மன்ற் டே', அதாவது தீர்ப்பு நாள். இயந்திர மனிதர் வாழும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒருவன் மேற்பார்வைக்கு வருகிறான். அங்கே செம்மஞ்சள் நிற இயந்திரங்களுக்கு வசதியான வாழ்வு. நீல நிற இயந்திரங்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி, பேருந்தின் பின்னாசனம். உள்ளே இருவர்க்கும் அதே பாகங்கள். பூமியின் கூட்டமைப்பில் சேர நீங்கள் இன்னும் தகுதிபெறவில்லை என்று சொல்லிவிட்டு அவன் விண்கலத்துக்குத் திரும்பித் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். அவன் கறுப்பினத்தவன். கடைசிச் சட்டத்தில் அவன் முகத்தில் வியர்வைத் துளிகள் நட்சத்திரங்கள்போல் மின்னுகின்றன.

1956 ஆம் ஆண்டுத் தொடக்க இதழில் இக்கதையை மறுபிரசுரம் செய்ய முயன்றபோது, அந்த வீரன் கறுப்பனாக இருக்கக்கூடாது என்று ஒழுக்கக்கோவை அதிகாரி தடுத்தார். கெயின்ஸ் இணங்கவில்லை. மாற்றாமலே அச்சிட்டார். ஈ.சீ. வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதைப் புத்தகம் அதுதான். பிறகு அவர் கையில் மிஞ்சியது 'மாட்' என்ற நையாண்டிச் சஞ்சிகை ஒன்றே.

இதில் உள்ள துயரத்தை நேயர்கள் உணரவேண்டும். பாடசாலைகளில் இனப்பிரிவினையை ஒழிக்கச் சாட்சி சொன்ன வைத்தியர் தொடக்கிவைத்த இயக்கத்தின் விளைவாக, இனப்பிரிவினையைப் பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியில் கண்டித்த ஒரு கதை தடுக்கப்பட இருந்தது. அட்டைப்படத்தைப் பார்த்து அஞ்சியவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் பிள்ளைகள். அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இந்த அச்சம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. பிரான்ஸ் 1949 இலேயே சிறுவர் வெளியீடுகளைக் கண்காணிக்கச் சட்டம் இயற்றியது. பிரித்தானியா 1955 இலும் இந்தியா 1956 இலும் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. சட்டம் எட்டாத இடத்திலும் மனப்பான்மை எட்டியது. 1962 இல் பிரித்தானியச் சிறுவர் இதழொன்றில் தோன்றிய நாயகன், 1972 இல் சிவகாசியின் முத்து கொமிக்ஸ் மூலம் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் தமிழனானான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதனைச் சரித்திரப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்து வாசித்த தலைமுறையில் நானும் ஒருவன். வகுப்பில் பிடிபட்ட புத்தகம் எதுவும் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பறித்தவர்கள் கெட்டவர்களல்லர். எங்கள் நன்மையைத்தான் எண்ணினார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று ஒருவராவது கேட்டதும் எனக்கு ஞாபகமில்லை.

இனி இவ்வரலாற்றின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். வேர்தாம் 1981 இல் காலமானார். அவருடைய ஆவணங்கள் வொஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் பூட்டிவைக்கப்பட்டு, 2010 இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இலினோய் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த கரொல் ரில்லி என்ற அம்மையார் அந்தப் பெட்டிகளைத் திறந்து, நோயாளிகளின் மூலக்குறிப்புகளை 1954 ஆம் ஆண்டு நூலுடன் ஒப்பிட்டார். 2012 இல் அவர் வெளியிட்ட கட்டுரை பலரைத் திடுக்கிடவைத்தது.

பல பிள்ளைகள் சொன்னதை ஒரே பிள்ளையின் வாயில் வைத்திருந்தார் வைத்தியர். ஒரே பிள்ளையைப் பலராகக் காட்டியிருந்தார். வயதை மாற்றியிருந்தார். வேறு வைத்தியர் கண்ட பிள்ளைகளைத் தாம் கண்டதுபோல் எழுதியிருந்தார். பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாத 13 வயதுச் சிறுமியின் கதையில் அவளுடைய சித்திரக்கதை வாசிப்பைச் சொன்னவர், அவள் ஒரு கும்பலில் சேர்ந்திருந்ததையும் வீட்டைவிட்டு ஓடியதையும் சொல்லவில்லை. 'பற்மேன்' கதைகளே தங்கள் மனதைத் திருப்பின என்பதுபோல் நூலில் பேசும் இளைஞர்கள், மூலக்குறிப்பில் 'டார்சன்' போன்ற வேறு கதைகளையே தங்களுக்கு அதிகம் நெருக்கமானவையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வரியும் நூலில் இல்லை.

பிள்ளைகளைக் கேட்கவில்லை என்று முன்னே சொன்னேன். உண்மை அதைவிடக் கசப்பானது. ஹார்லெமின் ஏழைப் பிள்ளைகள், வேறெங்கும் வாய் திறக்க இடமில்லாதவர்கள், அந்த வைத்தியரிடம் பேசினார்கள். அவர் கேட்டார். குறித்துக்கொண்டார். பிறகு அந்தப் பேச்சைத் தம் வாதத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். வறுமை, அடி, கும்பல், இனவெறி எல்லாம் அந்தக் குறிப்புகளில் இருந்தன. அவை நூலுக்குள் வரும்போது மெலிந்துபோய், பத்துச் சதப் புத்தகம் பெரிதாயிற்று. 1948 இல் 14 வயதுப் பையன் எழுப்பிய ஐயம், 64 ஆண்டுகளின் பின் ஆவணங்களால் மெய்ப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2011 ஜனவரியில், அந்த ஒழுக்கக்கோவை முத்திரையைக் கடைசிப் பதிப்பாளர்களும் கைவிட்டிருந்தார்கள்.

அந்தப் பத்துச் சத வாசிப்பு என்ன விளைத்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்வேன். 1948 இல் பிறந்த ஆர்ட் ஸ்பீகல்மன் 'மாட்' வாசித்து வளர்ந்தவர். ஆஷ்விற்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய தம் பெற்றோரின் கதையை, யூதரை எலிகளாகவும் நாஸிகளைப் பூனைகளாகவும் வரைந்து, 'மவுஸ்' என்ற சித்திரக்கதையாகச் செய்தார். 1992 இல் அதற்குப் புலிற்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. பெருங்கொடுமையை இந்த வடிவத்திலும் சொல்லலாம் என்று இலக்கிய உலகம் ஒத்துக்கொண்டது. ஆனாலும் 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் ஒரு மாவட்டக் கல்விச்சபை அதே நூலைப் பாடத்திட்டத்திலிருந்து அகற்றியது. சில தகாத சொற்களும் ஒரு படமும் காரணமாகச் சொல்லப்பட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

வேர்தாமைக் கண்டித்து முடித்துவிட எனக்கு மனமில்லை. 1973 இல், தமது 78 ஆவது வயதில், அவர் இன்னொரு நூல் வெளியிட்டார். இளம் ரசிகர்கள் தங்கள் கைக்காசில், கைப்பிரதிபோல் அச்சிட்டுத் தமக்குள் பரிமாறிக்கொண்ட சிறு இதழ்களைப் பற்றியது அது. சித்திரக்கதைகளையும் விஞ்ஞானக் கதைகளையும் பற்றி அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதை வாசித்த முதியவர், அதிலே ஆரோக்கியமான படைப்பூக்கத்தையும் உண்மையான உரையாடலையும் கண்டு பாராட்டினார். கால்நூற்றாண்டுக்கு முன் அவருக்குக் கடிதம் எழுதிய பையனும் இதே இனத்தைச் சேர்ந்தவன்தான். அவனையும் இப்படியே வாசித்திருக்கலாம்.

நம்முடைய நூல்நிலையங்களிலும் வீடுகளிலும் பிள்ளைகள் இப்போதும் எதையோ வாசித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும்தான் இருக்கிறார்கள். அவற்றுள் குப்பையும் இருக்கும். குப்பை என்று சொல்லும் உரிமையைப் பெரியவர்கள் விட்டுவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை, வார்ஷோவும் விடவில்லை. ஆனால் கையிலிருந்து பறிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அருகில் அமர்ந்து, இது என்ன கதை, இதில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேளுங்கள். சொல்லும் பதிலைத் திருத்தாமல் கேளுங்கள். ஆசிரியர்களாக இருப்பவர்கள் அந்தப் பதிலை ஒரு கொப்பியில் எழுதியும் வையுங்கள். தமிழில் எழுதியவர்களின் வரலாறு நம்மிடம் ஓரளவு இருக்கிறது. வாசித்த பிள்ளைகளின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுத முற்படும் நாளில் இந்தக் கொப்பிகள்தான் ஆதாரமாகும்.